பழநி நடை முடிந்தது, பந்தி எங்கே?

காரைக்குடிப் பக்கமிருந்து குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்கு நடந்து பழநி சேர்ந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். மலைமேல் கோயில் அன்னதானமா, அடிவாரத்து மடத்தில் நம் குழுவின் சமையலா?

கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. காசு வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், தரிசனம் முடிந்த கையோடு சாப்பிடலாம். ஆனால் பூச நேரத்து வரிசையில் குழு சிதறிவிடும். பக்கத்து இலையில் யாரோ ஒருவர். எழுந்தால் அடுத்த பந்தி.

மடத்தில் சோறு தாமதமாகும். 693 படி ஏறி இறங்கிய காலோடு யார் காய் நறுக்குவது என்று சின்னச் சண்டையும் உண்டு. (நறுக்காதவர்தான் உப்புக் குறை சொல்வார்.) சரி, ஆனாலும் கொப்புளக் காலை நீட்டிக்கொண்டு, 'நத்தத்தில் நீங்கள் படுத்துவிட்டீர்களே அண்ணே' என்று கிண்டலடித்தபடி ரசம் ஊற்றிக்கொள்வது அங்கேதான் நடக்கும்.

இரண்டு மூன்று பேராக வந்தவர்களுக்குக் கோயில் பந்தியே போதும். குழுவோடு நடந்திருந்தால் நான் மடத்துக்குத்தான் போவேன், பசி ஒரு மணி நேரம் கூடினாலும்.