டைசானிடினும் டிரமடாலும்: என் இடுப்பு வலியோடு சில வருடங்கள்

தையல் கடை வைத்திருக்கிறேன். தினமும் எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் குனிந்தே இருக்கிற முதுகு. 2021-இல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிரவே முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு விலகியிருந்தது. அதற்குப் பிறகு தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரை, அபினைப் போல வேலை செய்கிற ஓபியாய்டு வகை வலி மாத்திரை இரண்டையும் மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். மருந்துக்கடையில் இரண்டையும் ‘வலி மாத்திரை’ என்றுதான் கேட்கிறார்கள். உடம்புக்குள் இரண்டும் செய்கிற வேலை வேறு.

முதலில் தந்தது டைசானிடின், இரவில் 2 மி.கி. இது நேராகத் தசையில் வேலை செய்வதில்லை. தசையை இறுக்கச் சொல்லித் தண்டுவடம் வழியாகப் போகும் நரம்புத் தூண்டலைக் குறைக்கிறது. கட்டை மாதிரி விறைத்திருந்த இடுப்பு ஒரு மணி நேரத்தில் இளகும், புரண்டு படுக்க முடியும். அந்த ஒரு விஷயத்துக்கு இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் தொடை வழியாகக் கால் வரை மின்சாரம் போல இறங்குகிற வலியை இது தொடவே இல்லை. வாய் வறண்டது. ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து என்பதால், நடு ராத்திரி எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஒருமுறை சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார். நல்ல வேளை, மருந்துக்கடைக்காரர் “அக்கா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். அது டைசானிடினின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடுமாம், இரண்டையும் சேர்க்கவே கூடாதாம். அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோகிறேன்.

கால் வலி தாங்க முடியாமல் போனதும், ஓபியாய்டு வகையான டிரமடால் 37.5 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த மாத்திரை வந்தது. கூடவே இரவு டைசானிடினை டாக்டர் நிறுத்திவிட்டார். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சு மந்தமாகலாம் என்றார். முதல் மூன்று நாள் குமட்டல். அப்புறம் ஒரு நிம்மதி. வலி அங்கேயே இருந்தது, ஆனால் வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி. நான் ஏமாந்தது அந்த நிம்மதியில்தான். வலி தெரியாததால் பத்து மணி நேரம் உட்கார்ந்து தைத்தேன், இடுப்பு இன்னும் கெட்டது. மலச்சிக்கல் கடைசிவரை விடவில்லை. மூன்றாம் மாதம் ஒரு மாத்திரை மதியம் வரைகூடத் தாங்கவில்லை. இந்தியாவில் 2018 முதல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அப்படியிருந்தும் ஒரு கடையில் சீட்டு இல்லாமலே கூடுதல் அட்டை தந்தார்கள். வாங்கியது என் தப்பு, தந்ததும் தப்பு.

ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோனபோது வியர்வை, மூக்கு ஒழுகல், கால் ஓரிடத்தில் நிற்காத தவிப்பு, தூக்கமே இல்லை. காய்ச்சல் என்று நினைத்து டாக்டரிடம் போனேன், மருந்து விட்டதால் வருவது என்றார். திடீரென்று நிறுத்தாமல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். அந்த ஆறு வாரத்தில் என் தங்கை என்னோடு வந்து இருந்தாள்.

புதிதாக வந்த இடுப்பு, கழுத்து வலிக்காரர்கள் 347 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில், ஓபியாய்டு சாப்பிட்டவர்களுக்கு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலி குறைந்திருக்கவில்லை. படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

அதற்காக ஓபியாய்டே கெட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. என் சித்திக்குப் புற்றுநோய். கடைசி மூன்று மாதம் அவர் ராத்திரி தூங்கியதும், கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டதும் மார்ஃபினால்தான். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி நோயாளிகளுக்கு அதைக் கிடைக்க எளிதாக்கியது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

என் இடுப்பு இப்போது பிசியோதெரபி பயிற்சியில் ஓடுகிறது. முக்கால் மணிக்கு ஒரு தடவை மிஷினை விட்டு எழுந்து நடக்கிறேன். பிடிப்பு வந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு மூன்று நாள் டைசானிடின். இந்த வருடம் அதுவும் இரண்டு முறைதான் தேவைப்பட்டது.