சிறுகுறிஞ்சானா, கோவையா, இன்சுலின் செடியா?

சர்க்கரைக்கு இலை வைத்தியம் என்று பேச்செடுத்தால் நம் ஊரில் இந்த மூன்றும் கட்டாயம் வந்துவிடும். இதில் புகழ் ஒரு பக்கம் இருக்கிறது, ஆதாரம் இன்னொரு பக்கம் இருக்கிறது.

புகழில் முதலிடம் சிறுகுறிஞ்சானுக்கு. பச்சை இலை இரண்டை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போட்டுப் பாருங்கள், மணலை மெல்வது போல இருக்கும். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போய்விடும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த வித்தையைப் பார்த்தே பலர் ரத்தச் சர்க்கரையும் இறங்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நாக்கு வேறு, ரத்தம் வேறு. ரத்தத்தை வைத்துச் சென்னையில் செய்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளிவந்தது. டைப் 2 நோயாளிகள் 22 பேருக்கு, சாப்பிட்டுவந்த மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச்சத்தும் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, சிலர் மாத்திரையையே நிறுத்தினார்கள். ஆனால் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. அந்த ஓட்டை பெரியது.

வேலியோரம் சும்மா படர்ந்து கிடக்கும் கோவைக்கு அந்தக் குறை இல்லை. பெங்களூரில், புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 60 பேரில் ஒரு பாதிக்குக் கோவைச் சத்து தினம் 1 கிராம், மறுபாதிக்குப் போலி மாத்திரை என்று 90 நாள் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 2008-இல் வந்த முடிவின்படி, வெறும் வயிற்றுச் சர்க்கரை போலி மாத்திரைக்காரர்களைவிட 16 சதவீதம் குறைந்தது, சாப்பிட்ட பின் பார்ப்பது 18 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் ஓட்டு கோவைக்கே. அதற்காகக் கோவைக்காய்ப் பொரியலுக்கு இதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் கொடுத்தது செடியிலிருந்து இறக்கிய சத்து.

இன்சுலின் செடிக்கு இரண்டு வரி போதும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரச் செடி, அதில் இன்சுலின் கிடையாது. அப்படியே இருந்தாலும், இன்சுலின் ஒரு புரதம் என்பதால் வயிறு செரித்துவிடும்.

சரி, ஏதோ ஒன்றைச் சாப்பிட்டே தீருவேன் என்றால்? கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவருக்கு இலையும் சேர்ந்து வேலை செய்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே குளுக்கோஸோ சீனியோ வாயில் போடுங்கள். அப்புறம், சாப்பிடுவது எந்த இலை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.