சர்ஃப் போர்டுக்கு ரெசின் பூச்சு: எந்த முறையில் வீணாவது குறைவு?

சர்ஃப் போர்டு செய்பவர்களிடம் கேட்டால் விலை, எடை, வலு என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஃபோம் பலகைமேல் விரித்த கண்ணாடியிழைத் துணியை நனைத்து, உறைந்து கெட்டியாகும் பிசின்தான் ரெசின். அது எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. கப்பின் அடியில் உறைவது, ஓரத்தில் வழிந்து தரையில் சொட்டுவது, தேவைக்கு மேல் துணியில் ஏறி அப்புறம் தேய்த்துத் தூசியாக்கப்படுவது என்று மூன்று வழிகளில் அது போகிறது. ஒவ்வொரு முறையும் இவற்றில் எதைத் தடுக்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிது.

முதலில் பாலியஸ்டர் ரெசின். உறைய வைக்கும் கேட்டலிஸ்ட் கலந்துவிட்டால் அதற்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கொஞ்ச நேரத்தில் கூழாகும் என்பதால், நடுவில் போதாமல் போகுமோ என்ற பயத்தில் அதிகமாகக் கலப்போம், மீந்தது கப்போடு கல்லாகும். வெயிலில் உறையும் பாலியஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை. புற ஊதாக் கதிர் படாதவரை அது திரவமாகவே இருக்கும். நிழலில் நிதானமாக வேலை செய்யலாம், மீந்ததை ஒளி புகாத டப்பாவில் மூடி வைக்கலாம். தரையில் சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தால் சொட்டியதைக்கூட வழித்தெடுத்துத் திரும்பப் பூசலாம். வீணாவதைக் குறைப்பதில் இதற்கு நிகரில்லை. ஆனால் அடர்ந்த நிறமி சேர்த்தால் கதிர் உள்ளே போகாது. அதற்குக் கேட்டலிஸ்டும் வேண்டும், பழைய கடிகாரமும் திரும்ப வந்துவிடும். இன்னொன்று, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன், பாலிஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துவிடும். வெள்ளை மணி மணியான அந்த ஃபோமில் வேலை செய்பவருக்கு இந்த வழி கிடையாது.

அவருக்கு எபாக்ஸி ரெசின்தான். இங்கே, உறைய வைக்கும் பாகமான ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்ற முடியாது. விகிதம் தவறினால் முழுதாக உறையாது. கலந்த எபாக்ஸியைக் குறுகிய கப்பில் அப்படியே வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து, புகைந்து கெட்டியாகும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் கூடுதல் நேரம் தாங்கும். ஒரே மூச்சில் கலக்காமல், பக்கத்துக்கு இரண்டு மூன்று தவணையாகக் கலப்பது இன்னும் நல்லது. எபாக்ஸியில் சேமிப்பு என்பது பெரும்பாலும் தராசுதான்.

எவ்வளவு கலப்பது? வெட்டிய துணியை உலர்ந்த நிலையில் நிறுத்துப் பாருங்கள். கைவேலையில் துணியின் எடைக்குச் சமமான ரெசின் என்பது நல்ல கணக்கு. 6 அவுன்ஸ் துணி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம். இரண்டு சதுர மீட்டர் துணி என்றால் 400 கிராம் ரெசின், அதோடு ஃபோம் உறிஞ்சவும் கப்பில் ஒட்டவும் கொஞ்சம் கூடுதல். மணி ஃபோமின் இடுக்குகளை முன்பே லேசான ஃபில்லர் பசையால் அடைத்துவிட்டால், அந்தக் கூடுதலும் குறையும்.

வேக்யூம் பை போடுவதை, அதாவது பலகையைப் பையில் மூடிக் காற்றை உறிஞ்சி அழுத்துவதை, பலர் சிக்கனத்தின் உச்சம் என்கிறார்கள். கையில் செய்ததைவிட ரெசின் விகிதம் குறைவு, பலகையும் லேசு, அது உண்மை. ஆனால் பலகையிலிருந்து பிழிந்தெடுத்த ரெசின் எங்கே போகிறது? உறிஞ்சும் துணிக்குள். அந்தத் துணி, பை, ஒட்டுப் பட்டை எல்லாம் பெரும்பாலும் ஒரு தடவையோடு குப்பை. ஒரே ஒரு பலகை செய்பவருக்கு இது எடை குறைக்கும் வழி, வீணைக் குறைக்கும் வழி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பெயர்.

ஓரத்தை முடிப்பதிலும் இரண்டு கட்சி. துணியை மடித்து மறுபக்கத்தில் அப்படியே ஒட்டவிடுவது ஒன்று. டேப் ஒட்டி, பாதி உறைந்ததும் பிளேடால் நேர்கோடாக வெட்டி உரிப்பது மற்றொன்று. நிற ரெசினுக்கு வெட்டுக்கோடு அழகு. ஆனால் உரித்து எறிவதெல்லாம் ரெசின் குடித்த துணி. நிறம் இல்லாத பலகைக்கு அது தேவையே இல்லை.

ஊற்றும் விதமும் கணக்கில் வரும். நடுவில் குளமாக ஊற்றி ஓரத்துக்குத் தள்ளினால் பாதி தரைக்குத்தான். நடுப்பகுதியை நனைத்து முடித்து, தொங்கும் துணியைப் பிரஷ்ஷால் தனியாக நனைப்பது மெதுவான வேலை, ஆனால் சொட்டு வெகுவாகக் குறையும். ஃபோம் ரோலர் வேண்டாம். அது தானே நிறையக் குடித்துவிட்டு, முடிவில் அதோடு குப்பைக்குப் போகும். ரெசினை வழித்துத் தள்ளும் தட்டையான ஸ்க்வீஜி எதையும் குடிக்காது.

அடுத்த பூச்சு, நெசவுப் பள்ளங்களை நிரப்ப மட்டும். எபாக்ஸி என்றால் முதல் பூச்சு விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே போட்டுவிட்டால் இடையில் தேய்க்க வேண்டியதில்லை. மீதி இருந்தால், அடிபட்ட பழைய பலகை ஒன்றின் பள்ளங்களை முன்கூட்டியே தேய்த்து வைத்திருங்கள், அங்கே போகட்டும். அதற்கும் மிஞ்சியதைத் திரவமாகச் சாக்கடையில் ஊற்றாமல், பாலிப்ரொப்பிலீன் கப்பில் மெல்லியதாக உறைய விடுங்கள். உறைந்ததைத் தட்டி எடுத்துவிட்டு அதே கப்பில் அடுத்த தவணையைக் கலக்கலாம், கழுவுவதற்கான அசிட்டோனும் மிச்சம்.