ஃபிக்ஸ்ட் டீல் முடிகிறது: இருப்பதா, மாறுவதா?

பிரிட்டனில் கரண்டுக்கும் காஸுக்கும் ஃபிக்ஸ்ட் டீல் (குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத ஒப்பந்தம்) எடுத்தவர்களுக்கு, அது முடியப்போகும் சமயத்தில் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வரும். அப்போது மூன்று வழி: சும்மா இருந்துவிடலாம், அதே கம்பெனி நீட்டும் புது டீலை எடுக்கலாம், வேறு கம்பெனிக்குப் போகலாம். நாங்கள் இந்த முறை மூன்றாவதைத்தான் செய்தோம். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சும்மா இருந்தால் தானாகவே, விலை அவ்வப்போது மாறும் வேரியபிள் கட்டணத்துக்குப் போய்விடுவீர்கள். அதற்கு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம்மின் விலை வரம்பு உண்டு. 2019 ஜனவரியில் வந்தது, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. செய்தியில் அடிபடும் ஆண்டுத் தொகையைப் பார்த்துவிட்டு, பில் அதற்கு மேல் போகாது என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். வரம்பு யூனிட் விலைக்கும், தினமும் கட்டும் நிலையான தொகையான ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். நாள் முழுக்க ஹீட்டிங் ஓடினால் பில் ஏறத்தான் செய்யும். எந்த நாளும் அபராதம் இல்லாமல் கிளம்பலாம் என்பது இதில் நல்ல விஷயம். ஆனால் அக்டோபரிலும் ஜனவரியிலும் விலை மாறும், குளிரும் அப்போதுதான்.

அதே கம்பெனியின் புது டீலில் அலைச்சல் இல்லை. அதைத் தாண்டி எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

எங்களை மாற வைத்தது யூனிட் விலை அல்ல, ஸ்டாண்டிங் சார்ஜ். ஒரு பல்புகூடப் போடாவிட்டாலும் தினமும் ஏறும் பணம் அது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் யூனிட் விலை இருக்கும், இது எங்கோ கீழே கிடக்கும். கணக்குக்காக முழு எண்களில் சொல்கிறேன். ஒரு டீலில் யூனிட் 24 பென்ஸ், நாளுக்கு 60 பென்ஸ். இன்னொன்றில் யூனிட் 26, நாளுக்கு 45. பார்த்தவுடன் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். நாளுக்கு 15 பென்ஸ் வித்தியாசம் வருடத்துக்கு 54.75 பவுண்ட். யூனிட்டுக்கு 2 பென்ஸ் மிச்சம் பிடித்து அதை ஈடுகட்ட சுமார் 2,740 யூனிட் எரிக்க வேண்டும். சராசரி வீட்டுக்கு ஆஃப்ஜெம் 2023-ல் வைத்த அளவே 2,700 யூனிட்தான்! ஃபிளாட்டில் இரண்டு பேர், வருடத்துக்கு 1,800 யூனிட் என்றால் இரண்டாவது டீலில் 18.75 பவுண்ட் மிச்சம். பிள்ளைகள், டிரையர், வீட்டிலிருந்தே வேலை என்று 4,000 யூனிட் போகும் வீட்டுக்கு அதே டீலில் 25 பவுண்ட் நஷ்டம். காஸுக்கும் தனியாக ஒரு ஸ்டாண்டிங் சார்ஜ் உண்டு, அதையும் இதே மாதிரி போட்டுப் பாருங்கள். தொகை ஊருக்கு ஊர் மாறும். மெர்சிசைடில் இருக்கும் நண்பர் சொல்லும் எண் லண்டனுக்குப் பொருந்தாது.

அதனால் ஒப்பீட்டுத் தளத்தில் 'நடுத்தர வீடு' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் ஆண்டுப் பயன்பாடு பில்லிலேயே இருக்கும், அந்த எண்ணைப் போடுங்கள். பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

மாறுவதில் பயப்பட ஒன்றுமில்லை. வயரும் பைப்பும் அதேதான், சப்ளை நிற்காது. பெரும்பாலும் ஐந்து வேலை நாளில் முடிந்துவிடும், மனம் மாறினால் 14 நாள் அவகாசமும் உண்டு. பழைய டீலின் கடைசி 49 நாளில் கிளம்பினால் எக்சிட் ஃபீஸ் (டீல் முடியும் முன் விலகுவதற்கான கட்டணம்) கேட்கக் கூடாது என்பது விதி. புது டீலின் எக்சிட் ஃபீஸையும் பார்த்துவிடுங்கள். அது சிறிதாக இருந்தால்தான் நடுவில் விலை இறங்கும்போது நாமும் இறங்க முடியும். மாறும் நாளில் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கடைசி பில்லை ஆறு வாரத்துக்குள் பழைய கம்பெனி தர வேண்டும். கணக்கில் நம் பணம் மீதி இருந்தால் அதற்கடுத்த பத்து வேலை நாளில் திருப்ப வேண்டும்.

சின்ன கம்பெனி கவிழ்ந்தால்? 2021-ல் வரிசையாகக் கவிழ்ந்தன. அப்போது வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிகளுக்கு மாற்றினார்கள், வீடுகளின் கிரெடிட் பணமும் போகவில்லை. ஆனால் அவர்கள் கையிலிருந்த மலிவான டீல் போனது போனதுதான்.

எங்கள் புது கம்பெனி எப்படி என்று இப்போதே சான்றிதழ் தர மாட்டேன். இன்னும் ஒரு குளிர்காலம்கூட அவர்களோடு கழியவில்லை, புகார் செய்யும் நிலையும் வரவில்லை. தினமும் விலை மாறும் டிராக்கர் டீலை நான் தொட்டதில்லை. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன கணக்கை விட்டுவிட்டு, இரவு நேர விலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.