34,500 ரூபாவுக்கு வந்த ஸ்பீக்கர்: பேஸ் வாசிக்கும் தம்பிமார் ஒருமுறை படித்துவிடுங்கள்

34,500 ரூபா. நேற்றுப் பின்னேரம் எனக்கு ஸ்பீக்கர் விற்றவர்கள் என்னை வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாதமாகத் திருவிழா மேடைகளில் விடிய விடிய வாசித்துச் சேர்த்த காசு அது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அதைத்தான் அவர்களும் நம்பி இருக்கிறார்கள்.

நான் மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன், ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். மேடையில் பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கும். வீட்டில் பயிற்சிக்கு ஒன்றும் இல்லை. ஹெட்போனில் வாசிக்கலாம்தான், ஆனால் விரல் எவ்வளவு பாரமாக விழுகிறது என்று உடம்புக்குத் தெரியாது. வீட்டுப் பாட்டுப் பெட்டியில் செருகி வாசித்து, ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கோனைக் கிழித்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். பேஸின் தடித்த ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. சின்ன ஸ்பீக்கர் அதற்குத் தாங்காது. சுவிஸில் இருக்கும் பெரியப்பாவின் மகன் போன வருடம் வந்தபோது தன்னுடைய பழைய அம்ப் (ஒலிபெருக்கும் கருவி) ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதன் பின்பக்கத்தில் குறைந்தது 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது செருகும் ஸ்பீக்கரின் மின்தடை அதைவிடக் குறையக்கூடாது. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஒரு பெட்டியும், 8 ஓம் உள்ள ஒரு 10 அங்குல ஸ்பீக்கரும்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். துளை வைத்த பெட்டி கூடுதல் ஆழமாக ஒலிக்கும். ஆனால் அந்தத் துளையில் வைக்கும் குழாயின் நீளம் பிழைத்தால் ஒரு சுரம் மட்டும் எழும்பி நிற்கும், இன்னொன்று அமுங்கிப்போகும். நான் முழுக்க மூடிய பெட்டியே போதும் என்று முடிவெடுத்தேன். உள்ளளவு 40 சென்ரிமீற்றர் உயரம், 40 அகலம், 25 ஆழம். பெருக்கிப் பார்த்தால் சரியாக 40 லீற்றர். பலகை 18 மில்லிமீற்றர் பிளைவூட். எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) மலிவு, வெட்டவும் சுகம், ஆனால் எங்கள் பக்கத்து மாரிக்கு அது ஊதிவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, கிற்றார்க் கம்பியே மூன்று கிழமையில் துருப்பிடிக்கிற இடம் இது.

ஆரையம்பதியில் ஒரு தச்சு வேலைக்காரர் செய்து தந்தார். வயதான மனுசன். மூலைக்கு மூலை உள்ளே சட்டம் வைத்து, பசை தடவித் திருகாணி போட்டு, பொருத்துகளில் காற்றுப் போகாமல் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். "காத்து ஒழுகாம இருக்கணும் எண்டியே மனே, இந்தா கையை வச்சுப் பாரு" என்று அவரே சுற்றிவரக் காட்டினார். கேட்ட கூலிக்கு மேலே ஒரு சதம் வாங்கவில்லை.

ஸ்பீக்கரைத்தான் ஊருக்குள் வாங்க முடியவில்லை. டவுனில் கேட்ட இடமெல்லாம் கார் சப்வூஃபர் எடுத்துக் காட்டினார்கள். அது பேஸ் கிற்றாருக்குச் சரிவராது. கார் சப்வூஃபரில் ஒரு வாட் கொடுத்தால் பெரும்பாலும் 86 டெசிபல் அளவில்தான் சத்தம் வரும். பேஸ் கிற்றாருக்கென்று செய்த ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 95, 96 கொடுக்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். என்னுடைய சின்ன அம்ப் அதற்கு எங்கே போகும்? இதெல்லாம் தெரிந்து, படித்து, கவனமாக இருந்துதான் ஏமாந்தேன். எதுவும் தெரியாதவன் ஏமாந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

சமூக வலைத்தளத்தில் இசைக்கருவிச் சாமான் விற்கிற ஒரு பக்கம். கொழும்பிலிருந்து கூரியரில் அனுப்புகிறவர்கள். பெயரை எழுதவில்லை. அந்தப் பெயரை நாளைக்கே மாற்றிக்கொண்டு வருவார்கள், செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடிபடும்.

கேள்வி அனுப்பிப் பத்து நிமிடத்தில் அந்த ஆள் கோல் எடுத்தார். தமிழ். "எந்த ஊர் தம்பி? கல்லடியா? எங்கட பெரியம்மா களுவாஞ்சிகுடியில கலியாணம் முடிச்சவ, சின்ன வயசில லீவுக்கு அங்கதான் நிப்பன்" என்றார். அந்த இடத்திலேயே எனக்குப் பாதி மனம் இளகிவிட்டது. எங்கட ஆள், எங்கட பக்கத்துப் பேச்சு. பிறகு, "பெட்டி எத்தின லீற்றர்? சீல் பண்றீங்களா, போர்ட்டா?" என்று கேட்டார். இதுவரை நான் பேசிய எந்தக் கடைக்காரனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தீல்-ஸ்மோல் அளவுகளை அவரே வாய்ப்பாடாகச் சொன்னார்: எஃப்எஸ் 38, க்யூரிஎஸ் 0.4, வீஏஎஸ் 80 லீற்றர்.

தெரியாதவர்களுக்கு: ஒரு ஸ்பீக்கர் எந்தப் பெட்டிக்குள் எப்படி ஒலிக்கும் என்பதைச் செய்து பார்க்காமலே கணக்குப் போட உதவும் எண்கள் இவை. எஃப்எஸ் என்பது கோன் தானாக அதிரும் வேகம், க்யூரிஎஸ் அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பது, வீஏஎஸ் கோனின் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு. அவுஸ்திரேலியாவில் வேலை செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மோல் இருவரும் 1960களிலும் 70களிலும் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தவை. மூடிய பெட்டிக்கான கணக்கு கஷ்டமில்லை. வீஏஎஸ்ஸைப் பெட்டியின் லீற்றரால் பிரித்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து க்யூரிஎஸ்ஸால் பெருக்க வேண்டும். 80ஐ 40ஆல் பிரித்தால் 2, ஒன்று கூட்டினால் 3, அதன் வர்க்கமூலம் 1.73. விடை 0.69. எந்தச் சுரமும் எழும்பாமல் சமமாக ஒலிக்க மூடிய பெட்டிக்கு எல்லோரும் தேடுகிற 0.7 கைக்கெட்டிவிட்டது! எஃப்எஸ் 38ஐயும் அதே 1.73ஆல் பெருக்கினால் 66, அந்த 66 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் இறங்கும்தான், ஆனால் ஈ கம்பியின் 41க்கு மேலே அதன் இரட்டிப்பான 82 வலுவாக வரும், மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்ளும். அறைக்குள் பயிற்சிக்கு அது தாராளம். அன்று இரவு எனக்குச் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

இப்போது புரிகிறது. அந்த எண்கள் உண்மையான ஒரு கொம்பனியின் உண்மையான ஸ்பீக்கருக்கு உரியவை. தாளைப் பார்த்து வாசித்திருக்கிறார். அனுப்பிய சாமான் வேறு.

"சாமான் கைக்கு வந்து காசு தாறன்" என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "பாரமான சாமானுக்குக் கூரியர்காரன் அப்படி எடுக்கிறானில்ல தம்பி. இது கடைசி ஒண்டு, இன்னொரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கட ஊர்ப்பொடியன் எண்டபடியாத்தான் பிடிச்சு வச்சிருக்கிறன்" என்றார். வீடியோவில் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அடுத்த நாள் காலையில் 34,500 ரூபாவை வங்கியில் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "நன்றி தம்பி, கடவுள் ஆசீர்வதிப்பார்" என்று பதில் வந்தது. கடவுளின் பெயரையும் இழுத்திருக்கிறான்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. தூக்கியவுடனே பாரம் குறைவாக இருப்பது கைக்குத் தெரிந்தது, மனம்தான் ஒப்பவில்லை. சட்டத்தில் புதிதாகக் கறுப்புப் பெயின்ற், அதன் மேலே ஸ்ரிக்கர். அவர்கள் தந்த அளவுக்கு 232 மில்லிமீற்றரில் துளை வெட்டி வைத்திருந்தோம். வந்த ஸ்பீக்கர் அதைவிடச் சிறியது, திருகாணி ஓட்டைகள் மரத்தில் படாமல் வெறும் துளைக்குள் நின்றன. தச்சு வேலைக்காரரிடம் திரும்ப ஓடினேன். அவர் கையில் எடுத்துப் பார்த்து, "இது நீ சொன்ன சாமான் இல்ல மனே" என்றார். நான்தான் கேட்கவில்லை. பிளைவூட்டில் ஒரு வளையம் வெட்டி வைத்துப் பூட்டச் சொன்னேன். அவர் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பூட்டியதுதான் பிறகு அவர்களுக்குச் சாட்டாகப் போனது.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். மெல்லிய கம்பிகளில் ஏதோ ஒலித்தது. ஈ கம்பியைத் தொட்டால் மணலை உரசுவது போல ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் அம்ப் கைவைக்க முடியாத சூடு. நிறுத்திவிட்டு மல்ரிமீற்றரை எடுத்தேன். 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் காட்ட வேண்டும். இது காட்டியது 3.3. அதாவது 4 ஓம் சாமான். என் அம்ப் தாங்கக்கூடியதைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வாசித்திருந்தால் அண்ணன் தந்த அம்ப்பும் எரிந்திருக்கும்.

காந்தத்தைச் சுற்றி இருந்த தடித்த றப்பர் உறையைக் கழற்றினேன். உள்ளே சின்னக் காந்தம் ஒன்று, பெரிதாகக் காட்டுவதற்கு அதைச் சுற்றிப் பிளாஸ்ரிக் வளையம். 34,500 ரூபாவுக்குப் பிளாஸ்ரிக் வளையம்!

இனி அவர்களுடைய பதில்கள். முதல் நாள்: "புதுசு தம்பி, இறுக்கமா இருக்கும். ரெண்டு கிழமை வாசிங்க, இளகிரும்." காந்தத்துக்குள் உரசுகிற கம்பிச் சுருள் (கொயில்) எங்கே இளகும்? இரண்டாம் நாள் பெட்டியில் காற்று ஒழுகுகிறதாம். தச்சு வேலைக்காரரின் முகம்தான் ஞாபகம் வந்தது, அப்படி ஒரு கோபம். மூன்றாம் நாள் மீற்றரின் படத்தை அனுப்பினேன், மீற்றர் பிழையாம். றப்பர் உறைக்குள் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு, "நீங்க கழட்டிட்டீங்க, பூட்டின திருகாணி அடையாளமும் இருக்கு, இனி திருப்பி எடுக்க ஏலாது" என்று வந்தது. தம்பி என்ற சொல்லை அதில் காணவில்லை. கோல் எடுத்தால் ஒரு பெண்பிள்ளை, "சேர் வெளியில போயிருக்கார்" என்றார். மறுநாள் அதே பிள்ளை, "சேர் இண்டைக்கு வரமாட்டார்." வேறு இலக்கத்திலிருந்து எடுத்தேன். அதே ஆள், அதே குரல், "ஹலோ, சொல்லுங்க தம்பி" என்று தேனாகப் பேசினார். என் குரல் கேட்டதும் வெட்டிவிட்டார். நேற்று முற்றாகத் தடுத்தாயிற்று.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், கை நடுங்குகிறது, இவ்வளவும்தான் இப்போது வருகிறது. காசை முன்னுக்குப் போடாதீர்கள். மீற்றரை வைத்து ஓம் காட்டச் சொல்லி, நிறுவையில் வைத்துப் பாரம் காட்டச் சொல்லி வீடியோ கேளுங்கள், கொம்பனித் தாளில் உள்ள பாரத்தோடு ஒத்துப் பாருங்கள். பார்சலைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள். பெட்டியில் பூட்டுவதற்கு முன்பே கோனை இரண்டு கைவிரல்களாலும் சமமாக, மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உரசினால் அதோடு நிறுத்திவிடுங்கள், ஒரு திருகாணியும் போடாதீர்கள். பற்றுச்சீட்டும் உரையாடலும் அழியாமல் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு செய்யலாம், நான் நாளைக்குச் செய்யப்போகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் குழுவின் கீபோட் வாசிக்கிற தம்பி ஒரு படம் அனுப்பினான். எனக்குக் காட்டிய அதே ஸ்பீக்கர், அதே மேசை விரிப்பு. "கடைசி ஒன்று மட்டும், 34,500" என்று இன்றைக்குப் போட்டிருக்கிறார்கள். கீழே அக்கரைப்பற்றுப் பொடியன் ஒருவன் "இருக்கா அண்ணா?" என்று கேட்டிருக்கிறான். என்னைத் தடுத்திருப்பதால் அவனுக்கு என்னால் பதில் போட முடியவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் வங்கிக்குப் போவதற்கு முன்னால் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.