கிராம்பு எண்ணெய் என்று நம்பி 6,400 இழந்த கதை

என் புகாருக்கு நேற்று மாலை வந்த கடைசிப் பதிலைப் படித்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மிளகாய்ச் செடிகளின் கொழுந்துகளில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பிக் கிடந்ததால், இணைய விற்பனைத் தளம் ஒன்றில் "100 விழுக்காடு தூய கிராம்பு எண்ணெய், பயிர்ப் பூச்சிகளுக்கு" என்று போட்டிருந்ததை 6,400 கொடுத்து வாங்கினேன்.

எளிதில் ஏமாறுகிறவன் அல்லன் என்றுதான் என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். வாங்குவதற்கு முன் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் அளக்கவே இல்லை. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள் என்றும், அது பூச்சியின் நரம்பு மண்டலத்தைக் குலைக்கிறது என்றும், அசுவினி போன்ற மெல்லுடல் பூச்சிகளிடம் நன்றாக எடுபடும் என்றும், அளவு மிஞ்சினால் இலை கருகும் என்றும் நிதானமாக விளக்கினார். அத்தனையும் நான் முன்பே படித்திருந்த செய்திகள்தாம். நான் படித்ததையே அவரும் சொன்னதால், விற்பதும் அதையேதான் என்று நம்பித் தொலைத்தேன்.

வந்தது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டில். வெளிச்சம் படாத கண்ணாடிக் குப்பியில் வைக்கவேண்டிய எண்ணெய் அது. அப்போதே விழித்திருக்க வேண்டும், ஆனால் மூடியைத் திறந்ததும் எழுந்த கிராம்பு வாசனை என் வாயை அடைத்துவிட்டது. சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன். மறுநாள் காலையில் அசுவினி இருந்த இடத்திலேயே இருந்தது. கலவை சரியாகச் சேராமல் எண்ணெய் திட்டாக விழுந்த இலைகளில் மட்டும் விளிம்பு கருகியிருந்தது.

கேட்டதற்கு வந்த பதில்: "இயற்கை மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், 15 நாள் பொறுங்கள்." இது கலப்படமற்ற பொய். நறுமண எண்ணெய்கள் ஆவியாகிப் பறந்துவிடுபவை. பூச்சியின் மேல் பட்டோ ஆவியாகவோ எதைச் செய்தாலும் சில மணி நேரத்துக்குள் செய்துவிடும், ஓரிரு நாளில் இலையில் பெரும்பாலும் மிஞ்சாது. அதனால்தான் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்திருந்தும் மரியாதைக்காகப் பொறுத்தேன். 16-ஆம் நாள் அழைத்தபோது, திருப்பி அனுப்புவதற்கான 10 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். தளத்திடம் முறையிட்டால், முத்திரை உடைத்த பொருளுக்குப் பொறுப்பேற்க மாட்டார்களாம். உடைக்காமல் தெளிப்பது எப்படி என்று கேட்டேன். அதற்கு வந்ததுதான் நேற்றைய பதில்: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." யாருடைய 6,400 யாருக்குத் தீர்ந்தது?

ஆத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் சில சொட்டுகளை விட்டுக் கலக்கிப் பார்த்தேன். தூய கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்க வேண்டும். இது மேலேயே வட்டம் வட்டமாக மிதந்தது. ஏதோ மலிவான எண்ணெயில் வாசனையைக் கலந்து 6,400-க்கு விற்றிருக்கிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையெல்லாம் வரிசையாக எழுதவே தொடங்கினேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. வாங்கும் பாட்டிலின் தயாரிப்புத் தொகுதிக்குரிய ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள், தராவிட்டால் வாங்காதீர்கள். வந்த அன்றே குவளைச் சோதனை செய்யுங்கள். முதலில் நாலைந்து இலைகளில் மட்டும் தெளியுங்கள். "பொறுங்கள்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கே பொருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.