தூண் சாய்ந்த கதை: ஊரில் கண் வைத்தியத்துக்கு அலைந்த நான்கு வாரம்

இந்த முறை லீவு போட்டது ஆத்தாவின், அதாவது அம்மாவின், கண்புரைக்காக. ஆனால் ஊருக்குப் போனதும் முதலில் ரிப்பேருக்குப் போனது என் கண்ணாடிதான்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி, பள்ளத்தூர் வீட்டில் பையைத் திறந்தால் வலது லென்ஸ் தனியாகக் கையோடு வருகிறது. ஸ்க்ரூ லூஸாகிவிட்டது. மறுநாள் காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பையன் லென்ஸை பிரேமில் உட்காரவைத்து ஸ்க்ரூவை முடுக்கி, துடைத்து, ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டான். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "சின்ன வேலைதானேண்ணே." சிங்கப்பூரில் இது நடக்குமா என்று பெருமையாக வீட்டுக்கு வந்து நடு முற்றமான வளவுக்குள் கால் வைத்தால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வலது பக்கம் இறங்குகிறது, தூண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பயண அலுப்பு என்று நினைத்து இரண்டு நாள் தலைவலி மாத்திரை போட்டேன். நான்கு மணி நேரப் பறப்புக்கு இவ்வளவு அலுப்பா என்று ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவோம்) சிரித்தார்.

மூன்றாம் நாள் இன்னொரு கடை. பெரியவர் ஒருவர், கண்ணாடி கையில் வந்ததும் வேறு எதுவும் கேட்காமல் பவர் பார்க்கிற மெஷினில் வைத்தார். "தம்பி, வலது பக்கம் ஆக்சிஸ் இருபது டிகிரி திரும்பி நிக்குது. வட்ட பிரேம் வாங்குனா இதுதான். லென்ஸ் உள்ளயே சுத்திக்கும்." மார்க் பண்ணி, திருப்பி வைத்து முடுக்கினார். தரை சமமாகிவிட்டது.

எனக்கு சிலிண்டர் பவர் 1.75. அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழிப் படலம், பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், முட்டையின் பக்கவாட்டு மாதிரி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. அதற்கு எதிர் வளைவைக் கண்ணாடியில் கொடுக்கவேண்டும், அதே திசையில் கொடுக்கவேண்டும். அந்தத் திசையைக் குறிக்கிற டிகிரிதான் ஆக்சிஸ். ஒரு டிகிரி தப்பினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 சதவீதம் போய்விடும், 30 டிகிரி தப்பினால் கண்ணாடி போட்டும் போடாதது மாதிரிதான், அதற்கு மேலே போனால் போடாமல் இருப்பதே மேல். என் இருபது டிகிரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1.2 அளவுக்குப் பிழை திரும்ப வந்திருக்கிறது, அதுவும் சாய்வான திசையில். தூண் சாயாமல் என்ன செய்யும்?

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆத்தா விஷயத்திலும் கடைசியில் இதே ஆக்சிஸ்தான் வந்து நின்றது.

ஆத்தாவுக்கு வயது 71. இரண்டு கண்ணிலும் புரை, வலது முற்றியது. பக்கத்தில் ஒரு தனியார் கண் கிளினிக்கில் முதலில் காட்டினோம். டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். ஆனால் புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைப் பற்றிப் பேச்சை எடுத்தது டாக்டர் இல்லை, வெளியே உட்கார்ந்திருந்த கவுன்சிலர் பெண். அட்டையில் மூன்று பேக்கேஜ். நடுவில் இருந்ததை விட்டுவிட்டு மேலே இருந்த 'பிரீமியம்' லென்ஸைக் காட்டி, "வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க, அம்மாவுக்குச் செய்யக்கூடாதா?" என்று கேட்டது. தூரம், கிட்டம் எல்லாம் கண்ணாடி இல்லாமல் தெரியுமாம். ஆத்தாவுக்கு சிலிண்டர் எவ்வளவு என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டியது, பதில் இல்லை. சிலிண்டர் மிச்சம் இருந்தால் அந்த மாதிரி லென்ஸ் தெளிவாகவே இருக்காது. மல்லிகைப்பூ விலை பேசுகிற மாதிரி பேசினால் எப்படி? கும்பிடு போட்டு எழுந்து வந்தோம்.

பிறகு மதுரை. திருப்பத்தூர், மேலூர் வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர், நான்கு வழிச்சாலை வந்தபிறகு கார் அலுங்குவதில்லை. ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். காலை ஏழரைக்கு டோக்கன், மாலை நாலு வரை ஆனது. அதில் இரண்டு மணி நேரம் வெறும் காத்திருப்பு. குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள், உட்கார நாற்காலிதான் போதவில்லை. ஆனால் மீதி நேரம் முழுக்க அளந்தார்கள். ஒரு மெஷின், இன்னொரு மெஷின், வேறு ஆள் வந்து திரும்பவும். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "ரெண்டு அளவும் ஒத்துப்போகல. கண் காய்ஞ்சிருக்கு. பத்து நாள் சொட்டு மருந்து விட்டுட்டு வாங்க, மறுபடி அளக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. நான்கு வார லீவில் பத்து நாளை இதற்குக் கொடுக்கவேண்டுமா? ஒரு அளவைப் பார்த்துப் போட்டுவிட்டால் என்ன? பத்து நாள் கழித்துப் போனபோது அந்தக் கேள்விக்குப் பதில் காகிதத்திலேயே இருந்தது. இரண்டு மெஷினும் இப்போது ஒரே திசையைச் சொன்னன, முதல் நாள் எடுத்த ஆக்சிஸுக்கும் இதற்கும் 14 டிகிரி வித்தியாசம். கண்ணீர்ப் படலம் திட்டுத்திட்டாக இருந்தால் மெஷின் கருவிழியை அளக்காது, அந்தத் திட்டைத்தான் அளக்கும். அன்றைக்கே ஆபரேஷன் செய்திருந்தால் என் வட்ட பிரேம் கதை ஆத்தாவின் கண்ணுக்குள் நடந்திருக்கும், ஸ்க்ரூவைத் திருப்ப எந்தப் பெரியவரிடமும் போகமுடியாது.

ஆத்தாவுக்கு வைத்தது டோரிக் லென்ஸ். சிலிண்டரைக் கண்ணுக்குள்ளேயே திருத்துகிற லென்ஸ். இதன் முன்கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏரி என்ற பிரிட்டிஷ் வானியலாளர் 1825இல் தன் இடது கண்ணுக்கு ஒளிப்புள்ளி கோடாகத் தெரிவதைக் கவனித்து, தானே கணக்குப் போட்டு, இப்ஸ்விச் ஊர்க் கண்ணாடிக்காரர் ஒருவரிடம் உருளை (சிலிண்டர்) வளைவுள்ள லென்ஸ் செய்யச் சொல்லி மாட்டிக்கொண்டார். கண்ணுக்குள் முதல் லென்ஸை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி வைத்தது 1949இல். இரண்டும் ஒன்றுசேர மேலும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது: ஜப்பானில் ஷிமிசு 1992இல் டோரிக் லென்ஸ் வைத்தார். சாதாரண லென்ஸும் டோரிக்கும் யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த 13 ஆய்வுகளை 2016இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். டோரிக் வைத்தவர்களுக்குக் கண்ணாடி இல்லாத தூரப்பார்வை மேலாக இருந்தது, தூரத்துக்குக் கண்ணாடி தேடியவர்களும் குறைவு. இதுவரைக்கும் அட்டையில் போட்டுக் காட்டலாம். அட்டையில் போடாதது லென்ஸ் உள்ளே சுற்றிக்கொள்ளும் என்பது. 2017இல் வந்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில், சுற்றுவதில் பெரும்பகுதி ஆபரேஷன் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடுவதாகக் கண்டார்கள். மதுரையில் ஆத்தாவை ஆபரேஷன் முடிந்ததும் எழுப்பாமல் அரை மணி அசையாமல் படுக்கவைத்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆபரேஷனுக்கு முன் இன்னொன்று. ஆத்தாவை நேராக உட்காரவைத்து, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஆக்சிஸுக்கு அடையாளமாகக் கண் வெள்ளையில் மை வைத்தார்கள். "பொட்டு வைக்கிறாகளா?" என்று ஆத்தா கேட்டார். படுத்தால் கண் லேசாகச் சுழன்றுகொள்ளும், உட்கார்ந்து வைத்த குறிதான் கணக்கு என்று சிஸ்டர் விளக்கினார். கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் இல்லாமல் பின்பக்க வளைவையும் கணக்கில் சேர்த்ததாக டாக்டரம்மா சொன்னார். பின்பக்கமும் சிறு பிழை சேர்க்கிறது என்று ஹூஸ்டனில் டக்ளஸ் கோக் குழு 2012இல் காட்டிய பிறகு வந்த பழக்கம் இது. அதை விட்டால் ஆத்தா மாதிரிக் கண்களுக்குத் திருத்தம் குறைந்துபோகும்.

ஆத்தா மாதிரி என்றால்? இளவயதில் கருவிழி பெரும்பாலும் மேல்கீழாகக் கூடுதல் வளைவு. வயதாக ஆக அது திரும்பிப் பக்கவாட்டில் கூடும். எனக்கு முந்தையது, ஆத்தாவுக்குப் பிந்தையது. வீட்டில் இதைச் சோதித்தும் பார்த்தோம். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு வளவுத் தூண் ஓரளவு தெளிவு, மேலே உத்தரம் மங்கல். ஆத்தாவுக்கு உத்தரம் தெரிகிறது, தூண் இரண்டாகக் கலைகிறது. ஒரே வீட்டை இத்தனை வருடம் ஆளுக்குப் பாதியாகப் பார்த்திருக்கிறோம்.

செலவு: லென்ஸோடு 46,000 ரூபாய். சாதாரண லென்ஸ் என்றால் 28,000. எங்கள் தெருவில் பூக்கட்டுகிற அக்காவுக்குக் கேம்ப்பில் இலவசமாகவே நடந்தது, வைத்தது சாதாரண லென்ஸ். அதைக் குறைவாக நினைக்கவேண்டாம். அவருக்கு சிலிண்டர் சின்னது, டாக்டர் ஆபரேஷன் வெட்டைக் கருவிழியின் மேலே போடாமல் காதுப் பக்கம் போட்டிருக்கிறார். வெட்டிய திசையில் வளைவு சற்றுத் தணியும் என்பதால் வயதானவர்களின் சிலிண்டர் அதிலேயே கொஞ்சம் குறையும். ஒரு பைசா கூடுதல் செலவில்லாத திருத்தம். மதுரையில் 11 படுக்கையோடு 1976இல் அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் ஆட்கள் 1992இல் தங்கள் தொழிற்சாலையான ஆரோலேப்பில் லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியிருக்காவிட்டால், இலவசமாக லென்ஸ் வைப்பதே எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

நடுவில் ஆச்சி மகன் கதை. 22 வயது, லேசர் வைத்துக் கண்ணாடியை எடுக்கவேண்டும் என்று எங்களோடு தொற்றிக்கொண்டு வந்தான். அந்த லேசர் கண்ணுக்கு வந்ததில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் எக்சைமர் என்கிற புற ஊதா லேசரைச் செலுத்தி, சுற்றிலும் கருகாமல் வெட்டுவதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தபோது கருவிழி வரைபடம் வந்தது. கருவிழியின் கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரித் துருத்தத் தொடங்குகிற சந்தேகம் இருக்கிறது, லேசர் கூடாது, ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளக்கலாம், அதுவரை கண்ணைக் கசக்காதே என்று அனுப்பிவிட்டார்கள். கூம்புவது கூடினால் ரைபோபிளவின் என்கிற வைட்டமின் சொட்டு விட்டு புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குகிற வைத்தியம் இருக்கிறதாம், 2003இல் டிரெஸ்டனிலிருந்து வந்த முறை. அவன் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ, வேண்டாம் என்று சொல்லிக் காசை விட்ட இடம் என்று மரியாதை கூடிவிட்டது.

ஒரு வாரம் கழித்துச் சோதனை. லென்ஸ் குறித்த இடத்திலிருந்து 3 டிகிரிதான் விலகியிருந்தது, அது போதும் என்றார்கள். தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம், படிக்க மட்டும் வேண்டும். அந்தக் கண்ணாடியைப் பழைய பெரியவர் கடையில்தான் போட்டேன், எனக்கும் ஒரு சதுர பிரேம். ஆத்தா கண்ணாடி போட்டு முதலில் படித்தது ஆஸ்பத்திரி பில்.

இடது கண்ணுக்குத் தை கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை. இந்தத் தடவை சொட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்கச் சொல்லி எழுதி வாங்கி வந்திருக்கிறேன், அப்படியும் அளக்க இரண்டு தடவை மதுரை போகிற கணக்கில்தான் லீவு கேட்டிருக்கிறேன்.